மெகோனகல் டீச்சரைப் பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது?

‘ஹாரி பாட்டர் கதையில் மந்திரப் பள்ளி டீச்சர் மெகோனகல் அவ்வளவு கண்டிப்பானவர். இருந்தும் பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கிறதே, எப்படி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். நான் 14 வருடமாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

போன வருடம் என் மகளும் என் வகுப்பில்தான் இருந்தாள். ஒரு டெஸ்டில் பக்கத்துப் பெண்ணுக்கு விடைத்தாளைச் சாய்த்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டேன். நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அப்பாவிடம் பதில் சொல்வாள். இரவில் கதை வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பாள்.

அப்போதுதான் முதல் புத்தகத்தில் அந்த இடம் வந்தது. ஹாரி, ஹெர்மயனி, நெவில் மூவரும் நள்ளிரவில் வெளியே சுற்றிப் பிடிபடுகிறார்கள். மெகோனகல் கிரிஃபின்டார் ஹவுஸுக்குத் தலைவர், அவர்கள் அவருடைய பிள்ளைகள். தலைக்கு 50 வீதம் 150 புள்ளியைக் கழித்துவிடுகிறார். முன்னணியில் இருந்த ஹவுஸ் ஒரே ராத்திரியில் கடைசிக்குப் போகிறது. மகள் சட்டென்று என் பக்கம் திரும்பி, “அவங்க ஹவுஸுக்கேவா?” என்றாள்.

என் பதிலும் அதுதான். அங்கே இன்னொரு ஆசிரியரான ஸ்நேப்பும் கண்டிப்பானவர்தான், ஆனால் தன் ஸ்லிதரின் ஹவுஸ் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுவார். மெகோனகலிடம் வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது.

உடனே, அடிக்கிற டீச்சர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் பிரம்பைத் தொட்டதில்லை. கதையிலும் தண்டனை என்று சொல்லிப் பிள்ளையின் கையில் ரத்தம் வரவைப்பவர் அம்ப்ரிட்ஜ் என்ற இன்னொரு டீச்சர், மெகோனகல் இல்லை.

அப்புறம் ஒன்று. அந்தப் பூஜ்யத்துக்காக இன்னொரு பெண்ணின் அப்பா வந்து கத்தினார். நிர்வாகம் என்னைத்தான் கூப்பிட்டு, “அட்மிஷன் நேரம், கொஞ்சம் பார்த்துப் போங்க டீச்சர்” என்றது. என்னைவிடச் சத்தம் போடும் ஆண் ஆசிரியருக்கு ‘ஸ்ட்ரிக்ட் சார்’ என்று மரியாதை, எனக்கு மட்டும் ‘சிடுமூஞ்சி’. இன்றுவரை மனசு ஆறவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். இப்போது ஐந்தாம் புத்தகத்தில் இருக்கிறோம். அம்ப்ரிட்ஜிடம் கத்திவிட்டு வந்து நிற்கிறான் ஹாரி. கத்தியது உண்மையா, பொய்க்காரி என்றது உண்மையா என்று மெகோனகல் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறான். மேஜைமேல் இருக்கும் கட்டம்போட்ட தகர டப்பாவைக் காட்டி, பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தண்டனையை மட்டும் ரத்து செய்யவில்லை.

அந்தப் பக்கத்தை மகள் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.