வாத்தியார் பதில்கள்: மூன்று வட்டமும் ஒரு ஜோமெட்ரி பெட்டியும்

கேள்வி: வாத்தியார் ஐயா, என் பேரன் கைப்பேசியில் பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான். கேள்வி கேட்டதும் பிள்ளைகள் மூன்று பதில்களில் ஒன்றின் முன்னால் ஓடிப்போய் நிற்கிறார்கள். அப்புறம் மனம் மாறி வேறு பதிலுக்கு ஓடுகிறார்கள். அது என்ன நிகழ்ச்சி? எங்கள் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், ஒரு சனிக்கிழமை காலை அப்படி ஒன்று நடத்தலாமே என்று பேச்சு அடிபடுகிறது. சரிவருமா?
- ஒரு தாத்தா, சுங்கை சிப்புட்

பதில்: அது 'ரன்அரவுண்ட்'. 1972 செப்டம்பரில் தொடங்கி ஒரு வருடம் என்.பி.சி. என்ற அமெரிக்க சேனலில் சனிக்கிழமை காலைகளில் வந்தது. நடத்தியவர் பால் வின்செல். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசுவாரே, அந்த வித்தைக்காரர். செயற்கை இதயம் ஒன்றுக்கு 1963-இல் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான். நம்ப முடியவில்லையா? நானும் முதலில் நம்பவில்லை. பிறகு பிரிட்டனின் ஐ.டி.வி. சேனலும் அதே ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 1975 முதல் 1981 வரை காட்டியது.

சரிவருமா என்று கேட்கிறீர்கள். நானே நடத்தியிருக்கிறேன். 1977-இல், லண்டனில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கை விடுமுறைக்கு வந்தபோது, "அண்ணே, அங்க டிவியில இப்படி ஒரு கூத்து" என்று சொல்லிக் கொடுத்தாள். அப்போது நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். எங்கள் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இஞ்சின் கரண்டு. சாயங்காலம் ஆறுக்கு வரும், இரவு பத்துக்கு நின்றுவிடும். சனிக்கிழமை காலையில் டிவியாவது ஒன்றாவது! அமெரிக்காவில் அப்பா அம்மா போர்வைக்குள் கிடக்கும் நேரம் அது. எங்களிடம் அவர்கள் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், கித்தாக்காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பாலுக்காக மரப்பட்டையை வெட்டிக்கொண்டிருக்கும் நேரம். பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் ஆற்றங்கரையில் கிடக்கும். அந்த ஆற்றுப் பயத்தில்தான் நான் விளையாட்டை ஆரம்பித்தேன்.

பெரட்டுக்களத்தில் சுண்ணாம்பால் மூன்று வட்டம். முப்பது நாற்பது பிள்ளைகள். கேள்வியையும் மூன்று பதிலையும் படிப்பேன், ஓடுவார்கள். "மாறு!" என்று கத்தினால் ஐந்து எண்ணுவதற்குள் மாறிக்கொள்ளலாம். அப்புறம் விடை. தப்பான வட்டத்தில் நின்றவர்கள் வெளியே. முதல் பரிசு ஜோமெட்ரி பெட்டி.

முதல் மூன்று வாரமும் பெட்டியைத் தட்டிக்கொண்டு போனது ஒரே பெண். பால்வெட்டுக்காரர் மகள், இரண்டாம் வகுப்பு. பள்ளியில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றே தப்பான வட்டத்தில் போய் நிற்பாள். கெட்டிக்காரி நிற்கிறாளே என்று பாதிக் கூட்டம் அவள் பின்னால் போகும். நான் ஐந்து எண்ணி முடிக்கும்போது ஒரே தாவு! பின்னால் வந்தவர்கள் அம்போ. மூன்றாவது வாரம் கூப்பிட்டு, "எப்படிம்மா எல்லாம் தெரியுது உனக்கு?" என்றேன். "எனக்குத் தெரியாது சார். நீங்க படிச்சு முடிச்சதும் சரியான வட்டத்தைப் பார்ப்பீங்க."

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-இல் ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் கண்டுபிடித்தார். பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது. பெட்டிகளைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தாத்தா, கேள்வியைப் படிப்பவருக்கு விடை தெரியவே கூடாது. விடைத்தாள் வேறொருவர் சட்டைப்பையில் இருக்கட்டும். இன்னொன்று, தோற்ற பிள்ளையை ஒரேயடியாக உட்கார வைத்துவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். நாலாவது கேள்விக்குள் இருபது பிள்ளைகள் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேர் நழுவி, பழையபடி ஆற்றுக்கே போய்விட்டார்கள். ஒரு கேள்விக்கு வெளியே நிற்கட்டும், அடுத்ததற்கு உள்ளே வரட்டும். பிபிசி காட்டிய 'கிராக்கர்ஜாக்' என்ற பிள்ளைகள் நிகழ்ச்சியில் பங்கெடுத்த பிள்ளைகளுக்கு நிகழ்ச்சியின் பெயர் போட்ட பென்சில் கிடைத்தது. பென்சில் வாங்க உங்கள் சங்கத்தால் முடியும்.

கேள்வி: இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் சைக்கிள், பொம்மை என்று அள்ளிக் கொடுக்கிறார்களே, யார் வீட்டுக் காசு?
- வாசகி, கோலகங்சார்

பதில்: பெரும்பாலும் அந்தப் பொருளைச் செய்கிற கம்பெனியின் காசு. பரிசைக் காட்டுவதே விளம்பரம். 1964-65இல் ஏ.பி.சி. என்ற அமெரிக்க சேனலில் சனிக்கிழமை காலை 'ஷெனனிகன்ஸ்' என்று ஒன்று வந்தது. பெரிய தாயக்கட்டம் போட்டதுபோல் தரையில் கட்டங்கள். பிள்ளைகளே காயாக நடப்பார்கள். அதற்குப் பணம் போட்டது மில்டன் பிராட்லி. அவர்கள் தொழில் என்ன? அட்டை விளையாட்டுச் சாமான் விற்பது! எங்கள் டவுன் மளிகைக்கடைத் தவுக்கேயும் (முதலாளியும்) குறைந்தவரில்லை. ஒரு டஜன் நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு, கடைக் காலண்டரைப் பெரட்டுக்களத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஜோமெட்ரி பெட்டி மட்டும் என் சம்பளத்தில்.

கேள்வி: டிவி போட்டிகளில் விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாமே?
- சந்தேகப் பிராணி, பகாவ்

பதில்: கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் நிகழ்ச்சியில் அல்ல, பெரியவர்கள் நிகழ்ச்சியில். 'ட்வென்டி ஒன்' போட்டியில் நாடே கொண்டாடிய சார்லஸ் வான் டோரன், விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்! அடுத்த வருடமே, பார்வையாளரை ஏமாற்ற அப்படிச் செய்வது சட்டப்படி குற்றமாயிற்று. கண்ணால் சொல்லிக் கொடுப்பது அந்தச் சட்டத்தில் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சனிக்கிழமை காலைப் பிள்ளைகள் நிகழ்ச்சிகள் இப்போதும் உண்டா?
- மாணவி, ஈப்போ

பதில்: பழைய மவுசு இல்லை. என்.பி.சி. 1992-இலேயே சனிக்கிழமை கார்ட்டூன்களைக் கைவிட்டது. 2014-இல் சி.டபிள்யூ. சேனலும் நிறுத்தியது. பிள்ளைகளுக்கென்றே நாள் முழுக்க ஓடும் கேபிள் சேனல்கள் வந்தபின் சனிக்கிழமைக்காக யார் காத்திருப்பார்கள்?

கேள்வி: சிறந்த கேள்விக்குப் பென்சில் பெட்டி பரிசு என்று மூன்று மாதம் முன்பு எழுதினீர்கள். என் கேள்விக்குத்தான் பரிசு என்றும் போட்டிருந்தது. பெட்டி இன்னும் வரவில்லை.
- கோபக்கார வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. நீங்கள் எழுதிய முகவரியில் லயத்து எண்ணும் இல்லை, 31100 என்ற அஞ்சல் எண்ணும் இல்லை. பெட்டி என் மேசைமேல்தான் இருக்கிறது. உள்ளே இருந்த அழிப்பானை மட்டும் என் பேத்தி எடுத்துவிட்டாள். வேறு வாங்கி வைத்திருக்கிறேன். முழு முகவரியை எழுதுங்கள்.