வாசகர் கேள்வி-பதில்: முகாமுக்கு வராதவர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஆண்டுதோறும் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடக்கிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஓர் ஊரின் மருத்துவத் தேவையை இந்தக் கூட்டத்தை வைத்துத்தான் மருத்துவமனைகள் கணிக்கின்றனவா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: கூட்டத்தை மட்டும் நம்பினால் கணக்குத் தப்பும் என்பதற்கு உங்களுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் நடத்திக் கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்தது. ஆனால் அறுவைச் சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான், பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இலவசம் அல்ல என்பதும், துணைக்கு வருபவருக்கும் கூலி போகும் என்பதும், கண்ணில் கத்தி வைப்பதா என்ற அச்சமும் தெரியவந்தன. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் கொடுத்து, ஊரிலேயே திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு அப்படிப் பிறந்ததுதான். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் துணைக்கு ஆள் தேடும் கவலையும் குறைந்தது.

அதன் பிறகும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. தென்னிந்தியாவில் முகாம் நடந்த கிராமங்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, கண் குறைபாடு உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர் என்று காட்டியது. நிரம்பிய பந்தலைப் பார்த்த எவரும் இதை ஊகித்திருக்க முடியாது! ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களை அரவிந்த் ஊர்ப்புறங்களில் அமைத்ததற்கு இந்த இடைவெளியே காரணம். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்து, படமெடுத்து இணையம் வழியே அனுப்ப, தொலைவில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து நோயாளியிடமே பேசுகிறார்.

கேள்வி: தேவையை இப்படி ஆராய வேண்டும் என்று எங்காவது சட்டம் உண்டா?
(வாசகி, தேனி)

பதில்: அமெரிக்காவில் உண்டு. 2010-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, இலாப நோக்கற்றவை என்று வரிவிலக்குப் பெறும் மருத்துவமனைகள் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் பகுதி மக்களின் தேவைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, செயல்திட்டமும் வகுக்க வேண்டும். தவறினால் 50,000 டாலர் வரி விதிக்கப்படும். அறிக்கையைச் சட்டம் வாங்கிவிடும். முகாமுக்கு வராதவரின் வீட்டுப் படியேறிக் காரணம் கேட்பது அந்தந்த மருத்துவமனையின் அக்கறையைப் பொறுத்தது.