ரீச்சரிடம் கேளுங்கள்: இருட்டுக் கதை தேடும் பிள்ளைகள்

கேள்வி: மகளுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. இரவு பதினொரு மணிக்கும் போனில் ஆங்கிலக் கதை வாசிக்கிறாள். எல்லாம் சாவும் சாபமும்தான். போன கிழமை அறைக்குள் போனால் தலையணை நனைய அழுதுகொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, "பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டாங்கள் அம்மா, அந்த விளையாட்டிலை" என்றாள். கதைதானே என்றேன், கதவைச் சாத்திவிட்டாள். 95 இடப்பெயர்வில் நாங்கள் பட்டது போதாதா ரீச்சர்? இந்தப் பிள்ளை ஏன் தேடிப் போய்க் கவலை வாங்குகிறது? போனைப் பறிக்கட்டா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: பறிக்க வேண்டாம் தங்கச்சி. பதினொரு மணியைப் பத்து மணி ஆக்குங்கள், அது நித்திரைக்கான சட்டம். கதைக்குச் சட்டம் போட வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சுசான் கொலின்ஸ் 2008இல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' ஆகத்தான் இருக்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் போட்டு, மாவட்டத்துக்கு ஒரு பெடியன், ஒரு பெட்டை என்று எடுத்து, ஒருவரையொருவர் கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுகிற ஒரு நாடு. தங்கச்சியின் பெயர் விழுந்ததும் பதினாறு வயது அக்கா, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னுக்கு வருகிறாள். ரியாலிட்டி நிகழ்ச்சியையும் ஈராக் போர்க் காட்சிகளையும் சனல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை வந்ததாக எழுதியவரே சொல்லியிருக்கிறார். போருக்குப் பிள்ளை பிடித்த காலத்தில் வன்னியில் சொந்தக்காரர் இருந்த எவரும் பெயர் கூப்பிடுகிற அந்த அத்தியாயத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போக ஏலாது. எனக்கு நெஞ்சு இடித்தது. உங்கள் மகளுக்கு அது கதை. கதை என்றபடியால்தான் அவளால் கடைசிப் பக்கம் வரை போக முடிகிறது.

அவள் அழுத இடமும் எனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பிள்ளை செத்ததும் கதாநாயகி ஓடித் தப்பியிருக்கலாம். ஓடாமல் காட்டுப் பூக்களைப் பிடுங்கி வந்து உடம்பைச் சுற்றி வைக்கிறாள், காயம் மறையும்படியாக. அந்த ஆட்டத்தில் எவரும் எவருக்கும் செய்யாத வேலை அது. அந்த இடத்தில் கண் கலங்கிய பிள்ளையைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

இனி 95. நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஒக்டோபர் 30 இரவு மழைக்குள், யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கம், கையில் எதைப் பிடித்துக்கொண்டு, ஆருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள் என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? எங்கள் வீடுகளில் இது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். "அந்த நேரம் அப்பப்பா..." என்று பெரியாக்கள் தொடங்குவார்கள். பிள்ளை வாசலில் நிற்பதைக் கண்டதும் "தேத்தண்ணி போடட்டோ?" என்று கதை திரும்பிவிடும். மிச்சத்தைப் பிள்ளை வேறு எங்கேயாவது தேடத்தான் செய்யும்.

அதனால் உங்கள் இருவருக்குமாக ஒரு புத்தகம் சொல்கிறேன். லொயிஸ் லோவ்ரியின் 'த கிவ்வர்', 1993இல் வந்தது. அந்த ஊரில் வலி இல்லை, சண்டை இல்லை, நிறம்கூட இல்லை. எல்லாரும் நிம்மதியாக இருக்கட்டும் என்று பழைய காலத்து நினைவுகள் முழுவதையும் ஒரே ஒரு கிழவர் தன் தலைக்குள் வைத்திருக்கிறார். பன்னிரண்டு வயது ஜோனாஸ் அவற்றை அவரிடமிருந்து வாங்க வேண்டும். முதலில் வருவது பனியில் வண்டி சறுக்குகிற சந்தோசம். பிறகு ஒரு நாள் போர்க்களம் வருகிறது. அங்கே காயப்பட்டுக் கிடக்கும் ஒரு பெடியன் தண்ணீர் கேட்கிறான். 1994இல் நியூபெரி விருது வாங்கிய புத்தகம் இது. பிள்ளைகளுக்கு ஆகாது, பள்ளிக்கூடத்திலிருந்து எடுங்கள் என்று அமெரிக்கப் பெற்றோர் பலர் சண்டை பிடித்ததும் இதே புத்தகத்துக்காகத்தான். சின்னப் புத்தகம், ஆங்கிலமும் லேசு. இருவரும் வாசியுங்கள். கிழவர் செய்தது சரியா பிழையா என்று மகளிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்லிவிட்டு உங்களைப் பார்ப்பாள். அப்போது தேத்தண்ணி போட எழும்பாதீர்கள்.

இன்னுமொன்று. திரும்பவும் அழுதால் "ஏன் அழுகிறாய்?" என்று கேட்காமல், "ஆர் செத்தது? அது எப்படிப்பட்ட பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இப்படியான மாயக்கதைகள் வாசிக்க ஆசை. ஆங்கிலத்தில் வசனத்துக்கு ஒரு தடவை அகராதி பார்த்தே களைத்துவிடுகிறேன். தமிழில் எங்கள் வயதுக்கு ஏதும் உண்டா?
- ஏ.எல் மாணவன், நெல்லியடி

பதில்: தம்பி, தமிழில் அந்தத் தட்டு அநேகமாக வெறுமைதான். முயலும் நரியும் ஒரு பக்கம், பெரியாக்களின் நாவல் மறுபக்கம். நடுவில் உம்முடைய வயதுக்கென்று எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் நீர் மணிமேகலையை ஒருக்கால் எடுத்துப் பாரும். சிரிக்க வேண்டாம். பாடப்புத்தகத்தில் வருகிற அமுதசுரபிப் பகுதியை விடும். ஆறாவது காதைக்குப் போம், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை.

அங்கே புகார் நகரத்துச் சுடுகாடு இருக்கிறது. உயிரைப் பலியாகக் கொடுத்தவர்களின் தலைகள் தொங்குகிற நெடுமரம் இருக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாக அந்த வழியால் வருகிறான். கையில் ஒரு தலையை ஏந்திக்கொண்டு பேய் ஒன்று ஆடுவதைக் காண்கிறான். ஓடிவந்து, சுடலைப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் சம்பாபதித் தெய்வத்திடம் போகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் தா, கண் தெரியாத தகப்பனை இவன் பார்ப்பான் என்று மன்றாடுகிறாள். அது முடியாது என்கிறது தெய்வம். நம்பாத தாய்க்கு எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து நிறுத்திக் காட்டுகிறது. ஒன்றாலும் முடியவில்லை. இதைவிட இருட்டான அத்தியாயத்தை இப்போதைய ஆங்கிலக் கதைகளில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்தக் கதையை மணிமேகலையின் தோழி சுதமதிக்குச் சொல்லி, அவள் நித்திரையான நேரம் பார்த்துத்தான் மணிமேகலா தெய்வம் மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. அந்தப் பெட்டை ஆளில்லாத கடற்கரையில் விழித்து, கொலையுண்ட தகப்பனை நினைத்து அழுவாள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது எங்கள் ஊர் வழக்கு. குறிகட்டுவானில் படகு ஏறினால் அந்தக் கரையையும் பார்த்துவிட்டு வரலாம். மூலம் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத்தளத்தில் இலவசம். உரையோடு வேண்டுமென்றால் பொது நூலகத்தில் கேட்டுப் பாரும்.

ஆங்கிலத்தையும் கைவிட வேண்டாம். பற்றிக் நெஸ் எழுதிய 'எ மொன்ஸ்டர் கோல்ஸ்' (2011) எடும். தாய்க்குக் கடும் வருத்தம். இரவு 12.07க்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரம் அரக்கனாக எழும்பி வந்து மகனிடம், நான் மூன்று கதை சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும் என்கிறது. கதையின் கரு ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளருடையது. எழுதத் தொடங்கிய அவர் 2007இல் புற்றுநோயால் இறந்துபோக, நெஸ் எழுதி முடித்தார். வசனங்கள் சின்னவை, ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். அகராதியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வாசியும்.

கேள்வி: லண்டனிலிருந்து சித்தி ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினா. எல்லா அட்டையிலும் வாள், ரோசாப்பூ, மண்டையோடு. மகளுக்குப் பதினாலு. எதைக் கொடுப்பது, எதை ஒளிப்பது?
- ஒரு தகப்பன், சுன்னாகம்

பதில்: மண்டையோட்டுக்குப் பயப்படாதீர்கள், ரோசாப்பூவை ஒருக்கால் திறந்து பாருங்கள். பதின்ம வயதினருக்கு எழுதியதும் வளர்ந்தவர்களுக்கு எழுதிய மாயக் காதல் கதையும் இப்போது ஒரே மாதிரி அட்டையோடுதான் வருகின்றன. இரண்டாவது வகையில் படுக்கையறைக் காட்சிகள் விலாவாரியாக இருக்கும். சினிமாவுக்குப் போல புத்தகத்துக்கு வயதுச் சான்றிதழ் இல்லை, சித்தியும் அட்டையைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பா. பின்னட்டையில் சின்ன எழுத்தில் ஏதும் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கதாநாயகிக்கு எத்தனை வயது என்றும் பாருங்கள். பதினாறு, பதினேழு என்றால் பெரும்பாலும் பிள்ளைகளுக்கானது. இருபதைத் தாண்டினால் முதலில் நீங்களோ வீட்டுக்காரியோ வாசியுங்கள். ஒளிக்க மட்டும் வேண்டாம், ஒளித்ததை முதலில் வாசிப்பார்கள்.

கேள்வி: கதையில் ஒருவர் செத்தால் எனக்கு இரண்டு மூன்று நாள் மனம் சரியில்லை. ரியூசனில் சிநேகிதிகள் சிரிக்கிறார்கள். இது வருத்தமா?
- மாணவி, மானிப்பாய்

பதில்: இல்லை பிள்ளை. சிரிக்கிறவர்களுக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடும். ஆனால் புத்தகத்தை மூடிக் கன நாளாகியும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், சாவதைப் பற்றியே எண்ணம் ஓடினால் அது கதையால் வந்தது அல்ல. அம்மாவிடம் சொல்லும். சொல்ல முடியாவிட்டால் 1926க்கு அழையும், தேசிய உளநல உதவி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து நாங்கள் வாசித்ததும் பேய்க்கதைதான். அம்மம்மா திட்டியது மண்ணெண்ணெய்க்காக. பேயைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: பொன்னியின் செல்வன் இருக்க, இந்தக் கறுமங்கள் எதற்கு?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: ஐயா, 1950 முதல் 1954 வரை கல்கியில் அது தொடராக வந்தபோது வாசகர் காத்திருந்தது சோழர் நீர்ப்பாசனத்தை அறியவா? நந்தினி காலில் விழுந்து கெஞ்சியும் கரிகாலன் வீரபாண்டியனின் தலையை வெட்டினானே, அதைச் சொல்கிற அத்தியாயத்தை எந்த வயதில் வாசித்தீர்கள்? பேரப்பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். முதல் பாகத்தில் வந்தியத்தேவனின் குதிரை கொஞ்சம் கூடவே ஓடும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.