“அடுத்த நடையை நீங்கள் நடத்துகிறீர்களா?” என்று கேட்டால்

தம்பி,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சிட்னிக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது, பரமட்டாவில் வீடு, வேலைக்குக் குறைவில்லை. சனி ஞாயிறுகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் காட்டுப் பாதைகளில் கூட்டமாக நடக்கும் ஒரு புஷ்வாக்கிங் கிளப்பில் சேர்ந்தீர்கள். காடு பிடித்துப்போயிற்று. போன வாரம் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கிளப்பின் நடை அட்டவணையைத் தயாரிக்கும் நடைச் செயலாளர் பக்கத்தில் வந்து, அடுத்த அட்டவணையில் ஒரு நடையை நீங்கள் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். மரியாதைக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா? யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அது என் தலையில் விடியுமா? முப்பது வருடமாகக் காடு சுற்றும் வெள்ளைக்காரர்களை நேற்று வந்தவன் எப்படி நடத்துவது, அக்கா? இவைதானே கேட்டிருந்தீர்கள்?

உண்மையாகத்தான் கேட்டார். அதே பொறுப்பை வேறொரு கிளப்பில் நானும் பார்த்து வருவதால் அடித்துச் சொல்கிறேன். நடப்பதற்கு ஆளில்லை என்ற குறை எங்களுக்கு வந்ததே இல்லை. நடத்துவதற்குத்தான் ஆளில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வெளியாக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் நடைச் செயலாளர் படும் பாடு, முகூர்த்த நாளில் சமையல்காரர் வராத பெண்ணின் தகப்பன் படும் பாடுதான். பழைய லீடர் ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இன்னொருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். மூன்றாமவர், “எத்தனை வருடம் நானே நடத்துவது?” என்று அலுத்துக்கொள்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் பிடிபடாத விஷயம், இது சுற்றுலா நிறுவனம் இல்லை என்பது. “சாப்பாடு உண்டா? பஸ் வீட்டு வாசலுக்கு வருமா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. லீடருக்குச் சம்பளம் கிடையாது. காரில் போனால் பெட்ரோல் செலவில் அவரும் தன் பங்கைக் கொடுக்கிறார். நாம் கட்டும் சந்தாவில் பெரும்பகுதி காப்பீட்டுக்கும், நடைக் கிளப்புகள் சேர்ந்துள்ள கூட்டமைப்புக்கான கட்டணத்துக்கும் போய்விடுகிறது. தலைவர், பொருளாளர், செயலாளர் எல்லாருமே ஓய்வு நேரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள்.

இந்தப் பழக்கம் இங்கே நூறு வருடத்துக்கும் மேலானது. காடுகளைக் காக்கப் பாடுபட்ட மைல்ஸ் டன்ஃபி தன் நண்பர்களோடு மவுண்டன் டிரெயில்ஸ் கிளப்பைத் தொடங்கியது 1914இல். அது ஆண்கள் மட்டும் இருந்த சிறு வட்டம். 1927இல் தொடங்கிய சிட்னி புஷ் வாக்கர்ஸ் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. நியூ சவுத் வேல்ஸின் முதல் பெண் சொலிசிட்டரான (வழக்கறிஞரான) மேரி பைல்ஸ் அதன் உறுப்பினர். புடி தேசியப் பூங்கா இன்று இருப்பதற்கு அவர் நடத்திய இயக்கம் ஒரு காரணம். 1931இல் சிட்னிக்கு மேற்கே நீலமலையின் குரோஸ் பள்ளத்தாக்கில் இருந்த புளூ கம் என்ற யூகலிப்டஸ் காட்டைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் மரங்களை வெட்டப் போகிறார் என்று தெரிந்ததும், நடைக் கிளப்புகள் கைக்காசு போட்டு 130 பவுண்டு திரட்டி அவரிடம் கொடுத்து அந்த மரங்களைக் காப்பாற்றின. பொருளாதார மந்தக் காலத்தில் அது சின்னப் பணமில்லை. அதையெல்லாம் செய்தவர்களும் வார நாள்களில் அலுவலகம் போய்வந்தவர்கள்தான்.

அடுத்தது வழக்கு பயம். பக்கத்துவீட்டு மரம் நம் பக்கம் விழுந்தாலும் வக்கீலிடம் ஓடுகிற ஊர் இது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கூட்டமைப்பில் சேர்ந்த கிளப்புகளுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு; அட்டவணையில் வந்த நடை, ஒப்புக்கொண்ட லீடர் என்றால் நீங்களும் அதற்குள் வருகிறீர்கள். இது தவிர இந்த மாநிலத்தின் 2002ஆம் ஆண்டு சிவில் பொறுப்புச் சட்டம், சமூக அமைப்புக்காக நல்லெண்ணத்துடன் உழைக்கும் தன்னார்வலரைத் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து காக்கிறது. குடித்துவிட்டு நடத்தினாலோ, கிளப் சொன்னதை மீறித் தன்னிஷ்டப்படி போனாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திடும் படிவத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். நடை தொடங்கும் முன்பே எல்லாரிடமும் வாங்கிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் விருந்தாளி உட்பட.

மூன்றாவது கேள்விதான் உங்களை உண்மையில் தடுக்கிறது என்று நினைக்கிறேன். லீடர் என்றால் எல்லாருக்கும் முன்னால் ஓடத் தெரிந்தவர், மரங்களின் பெயரெல்லாம் அறிந்தவர் என்று நினைக்கிறீர்கள். மரங்களின் பெயர் சொல்லக் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். லீடர் செய்ய வேண்டியது எண்ணுவது, மணி பார்ப்பது, தேவைப்பட்டால் திரும்பிவிடலாம் என்று சொல்வது. வேலையில் மாதாமாதம் ஆளையும் சரக்கையும் கணக்குப் பார்க்கும் உங்களுக்கு இதில் எது வராது?

நான் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் நடை ராயல் தேசியப் பூங்காவில் உள்ள கார்லூ பாதை. ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குக் காரில் போயிருப்பீர்களே, அப்போது இடதுபக்கம் நீளும் காடுதான் அது; 1879இல் அறிவிக்கப்பட்ட பழைய பூங்கா. ஹீத்கோட் ரயில் நிலையத்தில் தொடங்கி வாட்டர்ஃபால் ரயில் நிலையத்தில் முடியும், சுமார் 10 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் இருப்பதால் கார்களை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நிறுத்தும் தலைவலி இல்லை. காலையில் கங்காரு ஓடையில் உள்ள கார்லூ குளத்துக்கு இறங்குகிறீர்கள். பச்சை கலந்த தண்ணீர், சுற்றிலும் மணற்கல். பிறகு மேட்டில் ஏறி உலூலா அருவிக்கு வந்தால் சாப்பாட்டு நேரம். இரண்டு நாள் பெருமழை பெய்திருந்தால் ஓடையைக் கடக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதைத் தவிரப் பெரிய சோதனை எதுவும் இல்லை.

ஆனால் இரண்டு வாரம் முன்பே நீங்கள் ஒருமுறை போய் நடந்து பார்த்துவிட வேண்டும். வரைபடம் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கே பாதை பிரிகிறது, எங்கே எல்லாரும் உட்கார இடம் இருக்கிறது, எங்கே செல்பேசிக்குச் சிக்னல் போய்விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தைக் கூட்டத்தின் நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பேர் கூட்டம் தனி ஆளைவிட எப்போதும் மெதுவாகத்தான் நகரும். ஒருவர் காலணி நாடாவைக் கட்டுவார், மற்றவர் அதைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பார், அதற்குள் மூன்றாமவர் லைர்பேர்ட் பறவை கத்துகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

அன்று காலை நிலையத்துக்கு வெளியே வட்டமாக நிற்கவைத்துப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தலைகளை எண்ணி எண்ணிக்கையை உரக்கச் சொல்லுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கடைசி ஆள் வந்த பிறகே நகருவோம் என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக நடப்பவர் ஒருவரை நியமித்து, கடைசி ஆள் இவர்தான் என்று கைகாட்டுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது. ஒதுங்கப் போகிறவர் முதுகுப்பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பையைப் பார்த்ததும் கடைசி ஆள் அங்கேயே நின்றுவிடுவார். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ தேடல்களை மிச்சப்படுத்துகிறது.

கடினமான பகுதி, இல்லை என்று சொல்வது. நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே அது வராது. செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு ஒருவர் வந்து நிற்பார். பார்த்தால் பாவமாக இருக்கும். “இன்று இந்த நடை உங்களுக்கு ஒத்துவராது, அடுத்த மாதம் இதைவிடச் சின்ன நடை இருக்கிறது” என்று சொல்லி அனுப்புங்கள். தொலைபேசியில் பதிவு செய்யும்போதே என்ன காலணி, எவ்வளவு தண்ணீர், கடைசியாக எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டுவிட்டால் இந்தச் சங்கடம் பாதி குறையும். வெப்பம் கடுமையாக இருந்தாலோ, தீ அபாயம் காரணமாகப் பூங்கா மூடப்பட்டாலோ நடையை ரத்து செய்யுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த அதிகாரம் லீடருடையது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாம்புக்கடி அரிது என்றாலும் அகலமான அழுத்தக் கட்டுத்துணி பையில் இருக்கட்டும். கடித்த இடத்தைக் கழுவக்கூடாது, இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, ஆளை அசையாமல் கிடத்தி, அவசர எண்ணான 000ஐ அழைக்க வேண்டும்.

ஒப்புக்கொள்ளும் முன்பு உங்கள் நடைச் செயலாளரிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். இதே நடையை முன்பு நடத்தியவர்கள் எழுதிய குறிப்புகள் கிளப்பில் இருக்கும். அவசரத்தில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் பீக்கன் கருவி கிளப்பின் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலுதவி வகுப்புக்குக் கிளப் பணம் கட்டுமா என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பல கிளப்புகள் கட்டுகின்றன. கடைசியாக நடக்க அனுபவசாலி ஒருவர் வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டு நடப்பவராக இருக்க வேண்டும், இது முக்கியம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், புதிய லீடர்களை விரட்டுவது காடு அல்ல. பின்னாலிருந்து, “நாங்கள் எப்போதும் இடதுபக்கம்தான் போவோம்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லும் பெரியவர். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கும். ஆனால் புதியவருக்கு அடுத்த முறை கை தூக்க மனம் வராது. என் கிளப்பில் இப்படிப்பட்டவரைத் தனியே அழைத்து, ஆபத்து என்றால் மட்டும் பேசுங்கள், மற்றதை வீட்டுக்குப் போகிற ரயிலில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். சிலர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பரவாயில்லை.

உங்களிடம் தனியாக வந்து கேட்டதிலிருந்தே உங்கள் செயலாளருக்கு வேலை தெரியும் என்று புரிகிறது. ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “யாராவது முன்வாருங்கள்” என்று கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். பெயர் சொல்லி, இன்ன நடை, இன்ன தேதி என்று கேட்டால்தான் ஆள் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு நடையாவது நடத்த வேண்டும் என்று கட்டாய விதி போடச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டாயம் வந்தால் அட்டவணை முழுக்கக் காபிக் கடையில் முடியும் ஒன்றரை மணி நேர நடைகளாகத்தான் நிரம்பும். நடத்தப் பிடிக்காதவர் கணக்கு எழுதலாம், மாதக் கூட்டத்தில் தேநீர் போடலாம். நீங்களும் ஒருமுறை நடத்திப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால் அப்படிச் சொல்லிவிடலாம். இங்கே யாரும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

உச்சரிப்பு பற்றிய உங்கள் கவலைக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. மெதுவாக, உரக்கப் பேசுங்கள். காற்றில் எல்லாருடைய ஆங்கிலமும் பாதிதான் கேட்கும்.

மனைவியையும் அழைத்து வரலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். முன்னோட்ட நடைக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். முதன்முறை லீடராக நடக்கும் அன்று வேண்டாம். அவர் வந்தால் உங்கள் கண் அவர் மீதே இருக்கும், எண்ணிக்கை தப்பும். இரண்டாவது நடைக்கு வரட்டும், விருந்தாளிப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு.