அந்தப் பழுப்புக் கறையில் கை வைக்காதீர்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுப் பொருட்களை விற்கும் விற்பனையில்) பழைய ஸ்டாம்ப் ஆல்பம் வாங்கினேன். 'லோக்கல் போஸ்ட்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் நிறைய பளிச்சென்ற ஸ்டாம்புகள். கூடவே, பிலடெல்பியாவிலிருந்து 1852-இல் போன ஒரு மடிப்புக் கடிதம். அதில் அரசின் 3 சென்ட் ஸ்டாம்பும், பக்கத்தில் 'பிளட்ஸ் பென்னி போஸ்ட்' என்ற சின்ன ஸ்டாம்பும் இருக்கின்றன. சின்னதில் பழுப்புக் கறை. "கறைபட்டது, காசு பெறாது. என்னிடம் கொடுங்கள், ஊறவைத்துச் சுத்தம் செய்து பார்க்கிறேன். பதிலுக்கு ஆல்பத்தில் விடுபட்ட லோக்கல்களை நிரப்பித் தருகிறேன்" என்கிறார் ஒரு வியாபாரி. கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கொடுக்காதீர்கள். கடிதத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகவும் வேண்டாம்.

முதலில் அந்தக் கறை. 1840-களில் அமெரிக்க அரசுத் தபால் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் கடிதம் கொண்டு போவதோடு நின்றுவிடும். ஊருக்குள் வீட்டிலிருந்து வாங்கிப் போகவும், வீட்டில் கொண்டுவந்து கொடுக்கவும் தனியார் கம்பெனிகள் முளைத்தன. இவைதான் 'லோக்கல் போஸ்ட்'; இவற்றின் ஸ்டாம்புகளைத்தான் 'லோக்கல்' என்கிறோம். நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரெய்க் 1842 பிப்ரவரியில் வாஷிங்டன் படம் போட்ட 3 சென்ட் ஸ்டாம்ப் வெளியிட்டார். அமெரிக்காவில் ஒட்டிய முதல் தபால்தலை அதுதான். அரசு ஸ்டாம்ப் வந்தது 1847-இல். பிலடெல்பியாவில் அதே வேலையைச் செய்தது பிளட் கம்பெனி. ஒருமுறை ஒட்டிய ஸ்டாம்பை உரித்து மறுபடி ஒட்டிவிடக் கூடாதே என்று, பிளட் ஆட்கள் முத்திரைக்குப் பதிலாக ஸ்டாம்பில் அமிலம் தொட்டு வைத்தார்கள். அது மையையும் தாளையும் தின்று பழுப்பாக்கிவிடும். ஆக, பார்த்தால் பழுதுபோல் இருப்பது, அந்தக் கம்பெனி தன் கையால் போட்ட ரத்து அடையாளமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். டீ சிந்தினாலும் பழுப்புதான், செலோடேப் ஒட்டினாலும் பழுப்புதான். அமிலம் பட்டது பெரும்பாலும் ஸ்டாம்புக்குள் ஒரு திட்டாக இருக்கும். சில சமயம் அடித்தாளிலும் கொஞ்சம் ஊறியிருக்கும். அப்படி ஊறியிருந்தால் ஸ்டாம்ப் அந்தக் கடிதத்தோடு சேர்ந்தே பயணம் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. உரித்து எடுத்தால் சாட்சி போயிற்று. அமிலம் தின்ற தாள் தண்ணீரில் தாங்குமா என்பதும் சந்தேகம். இதைப் படித்துவிட்டு, எந்தக் கம்பெனி ஸ்டாம்பில் பழுப்பு தெரிந்தாலும் "அமிலம், அமிலம்" என்று குதிக்காதீர்கள். நான் சொல்வது பிளட் ஸ்டாம்புக்கு மட்டும். மற்றதில் கறை என்றால் கறை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விலாசத்தைப் பாருங்கள். 1851 ஜூலையிலிருந்து வெளியூர்க் கடிதத்துக்கு முன்கூட்டியே கட்டும் கட்டணம் 3 சென்ட். அனுப்பியவர் பிளட் ஸ்டாம்ப் ஒட்டினால் கம்பெனி ஆள் அரசு அஞ்சலகம் வரை சேர்ப்பார். அதற்கப்பால் அரசு ஸ்டாம்ப் கொண்டுபோகும். அதனால் கடிதம் பாஸ்டனுக்கோ பால்டிமோருக்கோ போயிருந்தால் இரண்டும் பக்கத்தில் இருப்பது பொருந்தும். விலாசமும் பிலடெல்பியாவே என்றால் அந்த 3 சென்ட்டுக்கு அங்கே என்ன வேலை? யாரோ பின்னால் ஒட்டிச் சேர்த்த ஜோடியாக இருக்கக்கூடும். முத்திரையில் உள்ள தேதி, கடிதத்துக்குள் எழுதிய தேதியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

இனி அந்த வண்ணமயமான இரண்டு பக்கம். மன்னிக்கவும், கவரில் இல்லாமல், முத்திரை படாமல், புதுசுபோல் மின்னும் லோக்கல்கள் மொத்தமாக ஒரே ஆல்பத்தில் கிடைத்தால், அசல் என்று நிரூபிக்கும் வரை போலி என்றே நான் எடுத்துக்கொள்வேன். இந்தப் போலிகள் நேற்று பிறந்தவையும் அல்ல. நியூயார்க்கில் ஜார்ஜ் ஹஸ்ஸி தானே ஒரு லோக்கல் போஸ்ட் நடத்தியவர். சேகரிப்பு மோகம் தலைதூக்கிய 1860-களில் அடுத்தவர் கம்பெனி ஸ்டாம்புகளையும் அச்சிட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். பாஸ்டனில் சாமுவேல் ஆலன் டெய்லர் இன்னும் ஒரு படி மேல்: இருந்த ஸ்டாம்பை நகலெடுத்தது போதாதென்று, இல்லவே இல்லாத கம்பெனிகளுக்கும் ஸ்டாம்ப் அடித்தார். ஒரே டிசைனை வானவில்போல் பல நிறங்களில் அடித்துத் தள்ளியது அவர் பாணி. உங்கள் ஆல்பத்தில் ஒரே படம் ஐந்தாறு நிறத்தில் இருந்தால், நூற்றைம்பது வருஷப் பழைய தாளாகவே இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். போலியும் அதே வயதுதான். ஆன்லைன் ஏலத்தில் 'விண்டேஜ்' என்று போட்டு விற்பவர் சொல்லும் பொய்யில்லாத பொய் இதுதான்.

இப்போது அந்த வியாபாரியின் கணக்கு புரிகிறதா? அசலாக இருக்கக்கூடிய ஒரே பொருளை வாங்கிக்கொண்டு, போலி ஆல்பத்துக்கு மேலும் போலி தருகிறார். "சுத்தம்" என்ற பேச்சே கடிதத்தை உங்கள் கையிலிருந்து கழற்றத்தான்.

அசல்தான் என்று சான்றிதழ் வாங்குவதென்றால் நேரே நியூயார்க்கின் பிலாடெலிக் ஃபவுண்டேஷனுக்கோ அமெரிக்கன் பிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் பிரிவுக்கோ அனுப்புங்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்ற இடைத்தரகர் வேண்டாம். வேறு ஸ்டாம்புக்கு வாங்கிய சான்றிதழைப் பக்கத்தில் வைத்து விற்பது பழைய தந்திரம். சான்றிதழில் உள்ள படத்தையும் கையில் உள்ள பொருளையும் ஓரத்துக்கு ஓரம் ஒப்பிடுங்கள்.

நேரே போனாலும் சுலபம் என்று நினைக்காதீர்கள். கட்டணம் கட்டி, காத்திருந்து, கடைசியில் "கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று பதில் வந்தாலும் வரலாம். ஒரு குழு அசல் என்றதை இன்னொரு குழு மறுப்பதும் உண்டு. லோக்கல்களைத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான். அவர்களிடம் நேரே காட்ட வழியில்லாமல் ஃபாரம், கவர், இன்ஷூரன்ஸ் என்று சுற்றவிடுவது எனக்கு இன்னும் எரிச்சல்தான். அதற்கு ஒரு மாற்று, கேரியர்ஸ் அண்ட் லோக்கல்ஸ் சொசைட்டி. இந்தத் துறைக்கென்றே உள்ள சங்கம். அனுப்பும் முன் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் மூன்றையும் ஸ்கேன் எடுத்து அதன் உறுப்பினர் யாரிடமாவது காட்டுங்கள்.

கட்டணம் கடிதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆல்பத்தின் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் கட்டினால் ஆல்பத்தின் விலையைத் தாண்டிவிடும். டெய்லர் போலிகளையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். போலி என்று சொல்லியே அவர்களுக்கு விற்கலாம். கடிதத்தைப் பிவிசி இல்லாத உறையில் போட்டு, மடிப்பை விரிக்காமல் வையுங்கள்.