எலக்ட்ரிகல், பிளம்பிங் வேலைதான் தெரியும், பிரசங்கம் வராது. மிஷன் பயணத்தில் என்னால் என்ன பயன்?

பிரசங்கம் வராது என்பதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்கும்படி உங்களைப் பழக்கியவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். சபையோடு இரண்டு வாரப் பயணம், போகிற பணித்தளத்தில் ஒரு பள்ளியும் சின்ன மருத்துவ நிலையமும் உண்டு, வேறு எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். அநேகமாக உங்கள் பெயரை நாற்காலி போடவும் ஸ்பீக்கர் கட்டவும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த இரண்டு கட்டடங்களுக்கும் குழுவிலேயே அதிகம் தேவைப்படுகிற ஆள் நீங்கள்தான்.

யாத்திராகமம் 31-ஐ எடுத்துப் பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெசலெயேலுக்கு அந்த ஆவி எதற்குக் கொடுக்கப்பட்டது? பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்ய. நெகேமியா 3-ல் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டியவர்களில் தட்டாரும் தைலக்காரரும் இருக்கிறார்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்து பிழைத்தார். வங்காளத்துச் செராம்பூரில் 1800-ல் மிஷன் அச்சகம் எழுந்ததற்கு வில்லியம் வார்ட் என்ற அச்சுத் தொழிலாளியின் கை வேண்டியிருந்தது. 1878-ல் உகாண்டா போய்ச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மெக்கே ஒரு பொறியாளர். "பைப் மாட்டினால் ஆத்துமா இரட்சிக்கப்படுமா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சுவிசேஷம் சொல்ல வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கையிலுள்ள வேலையை ஊழியத்துக்குக் கீழே வைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. நீங்கள் செய்கிற வேலை நீங்கள் திரும்பி வந்த பிறகும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உதவிக்கு வந்த இடத்தில் பாரம் ஏற்றிவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வேலை இங்கேயே, கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே ஆரம்பிக்கிறது. அங்கிருக்கும் ஊழியரிடம் "என்ன தேவை?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "நீங்கள் வந்தாலே போதும், பிரதர்" என்றுதான் பதில் வரும். போட்டோ கேளுங்கள்: மெயின் போர்டு மூடி திறந்த நிலையில் ஒன்று, மீட்டர், தண்ணீர் டேங்க், மோட்டாரின் பெயர்ப்பலகை, ஒழுகுகிற குழாய் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. மின்சாரம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸா, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்பதையும் கேளுங்கள். அந்த ஊரில் எந்த உதிரிப் பொருள் கிடைக்கும் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். அங்கே கிடைக்காத வால்வை நீங்கள் பையில் கொண்டுபோய் மாட்டினால், அது கெடுகிற நாளில் அந்தக் குழாயே மூடப்படும்.

பிளம்பிங்கில் அதிகம் ஏமாற்றுவது மரைதான், குழாய் முனையில் திருகு போல வெட்டியிருக்கும் சுற்று. உலகத்தில் பெரிதாக இரண்டு வகைக் குழாய் மரை புழங்குகிறது: பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பி, அமெரிக்கத் தரமான என்பிடி. அரை அங்குலக் குழாயிலும் முக்கால் அங்குலக் குழாயிலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒன்று மற்றொன்றில் சில சுற்று அழகாக ஏறும், பொருந்திவிட்டது என்றே தோன்றும். ஆனால் மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 டிகிரி, என்பிடியில் 60. எத்தனை சுற்று டெஃப்லான் டேப் போட்டாலும் அழுத்தம் ஏறியதும் கசியும், முறுக்கினால் பித்தளை வெடிக்கும். ஒரு அங்குலக் குழாயில் பிஎஸ்பிக்கு 11, என்பிடிக்கு 11.5 என்று எண்ணிக்கையே மாறிவிடுவதால் அங்கே ஏமாற மாட்டீர்கள். மரை அளவி ஒன்று பையில் இருக்கட்டும். பிவிசியிலும் இதே கதை: 20 மில்லிமீட்டர் குழாய் வேறு, வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல் வரும் அரை அங்குலக் குழாய் வேறு. சொல்யூஷன் நிறையப் பூசி இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள். ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் தண்ணீர் விடாமல் விடுங்கள். அதனால்தான் ஒட்டுகிற வேலையைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிட வேண்டும்.

எலக்ட்ரிகலுக்கு வருவோம். முதல் நாள் எதையும் கழற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். (தெரியாதவர்களுக்கு: ஃபேஸ் மின்சாரம் வருகிற கம்பி, நியூட்ரல் அது திரும்புகிற கம்பி, எர்த் பூமிக்குப் போகிற பாதுகாப்புக் கம்பி.) ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று அளவு எடுத்துத் தாளில் எழுதுங்கள். 230 வோல்ட் ஊரில் ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். 60, 100 என்று அலைந்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இன்னொன்று இதைவிட ஆபத்து: எர்த் இல்லாத இடத்தில் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருப்பார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போகிற நொடியில், அதில் மாட்டியிருக்கும் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க ஃபேஸ் ஏறும். லோடு, அதாவது மின்சாதனங்கள், ஓடும்போதும் நியூட்ரல்-எர்த் சுத்தமாகப் பூஜ்யம் காட்டுகிற பாயின்ட்டுகளை, சப்ளையை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்.

சப்ளையை நிறுத்துவதற்கு முன்னால் மருத்துவ நிலையத்து நர்ஸிடம் கேட்க வேண்டும். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2 டிகிரிக்கும் 8 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் நிற்க வேண்டியது. கேட்காமல் மெயினை இறக்கி மூன்று மணி நேரம் வேலை பார்த்தால், நீங்கள் செய்த நன்மையைவிடக் கெட்டது பெரிதாகிவிடும். நிறுத்திய பிறகு மீட்டரை முதலில் சப்ளை இருக்கிற ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்து வேலை செய்யப் போகிற இடத்தில், மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில். மீட்டர் நடுவில் செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து எம்சிபி, அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுகிற சுவிட்ச். அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டிருப்பார்கள், உள்ளே ஓடுவதோ 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. அப்போது முதலில் எரியப்போவது கம்பிதான். பிளக் சர்க்யூட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 16 ஆம்பியரும் வைத்துச் சரிசெய்யுங்கள்.

பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வாங்குங்கள், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச் அது. உயிர் காக்கிற பொருள். ஆனால் வெறுமனே மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பழைய வயரிங்கில் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருக்கும், அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கும். ஆர்சிசிபி நிற்காமல் விழும். நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகவே முதலில் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எலக்ட்ரானிக் பொருள்களையெல்லாம் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (கம்பியின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஒவ்வொரு சர்க்யூட்டும் குறைந்தது 1 மெகாஓம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாத சர்க்யூட்டைத் தனியே பிரித்து வையுங்கள். பிறகுதான் ஆர்சிசிபி.

மின்சாரமே வராத இடமென்றால் சோலார் கேட்பார்கள். பெரும்பாலும் பேனல் நன்றாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும், காரணம் கணக்குப் போடாதது. 9 வாட் பல்பு 10, தினம் 5 மணி நேரம்: 450 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 530 வரும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் 1200 இருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆக 600 தான் உங்களுக்கு. இந்த லோடுக்குச் சரியாகப் போதும், ஒரு டிவி சேர்த்தால் போதாது. நல்ல வெயில் நாளுக்கு 4 மணி நேரம் என்றும், இழப்புகளுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும் என்றும் வைத்தால் 200 வாட் பேனல் வேண்டும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசையைக் கண்ட்ரோலர் பக்கத்துச் சுவரில் அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் யார் ஊற்றுவார், எப்போது ஊற்றுவார் என்று ஒருவருடைய பெயர் முடிவாகாமல் சோலாரைத் தொடவே வேண்டாம்.

டேங்க் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை, பள்ளிக்கு மிகவும் பயன்படுகிற வேலை. காலி செய்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வருமாறு கலக்க வேண்டும். 65 முதல் 70 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1000 லிட்டருக்குச் சுமார் 75 கிராம். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 150 கிராம். திறந்து கிடந்த பவுடர் வீரியம் போயிருக்கும், பிரிக்காத டப்பாவாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து அதில் பவுடரைப் போட்டுக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணி நேரம் நிற்கட்டும். அதுவரை ஒரு குழந்தைகூட அந்தக் குழாய்களில் குடிக்காதபடி ஆள் வையுங்கள். பிறகு மீன் குளமோ ஓடையோ இல்லாத பக்கமாக வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி அளவாகக் குளோரின் போட்டு, அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் நிற்கிறதா என்று டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பாருங்கள். கழிவறை ஆசிட் எதையும் அந்தப் பவுடர் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டேங்குக்குள் இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது.

உங்களோடு வருகிற மற்றவர்களுக்கும் இதே போல வேலை உண்டு. கணக்கு எழுதத் தெரிந்தவர் இருந்தால் அவரைக் காசுப் புத்தகம், வவுச்சர் எண், மாதாந்தர வங்கிச் சரிபார்ப்பு மூன்றையும் அங்கே பழக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். நன்கொடைக் கணக்கு தெளிவாக இல்லாமல் மூடப்பட்ட பணிகளை நினைத்தால் இது சின்ன வேலையில்லை. தையல்காரருக்குக் காலால் மிதிக்கும் மெஷின்தான் சரி. நூல் அறுகிறது என்று ஒதுக்கி வைத்த மெஷின்களில் பலவற்றில் ஊசி மழுங்கியிருக்கும் அல்லது திருப்பி மாட்டியிருக்கும். 14, 16 நம்பர் ஊசிகளும் மெஷின் எண்ணெயும் இருந்தால் முதல் நாளே சில ஓடத் தொடங்கும். கம்ப்யூட்டர் ஆட்கள் பாஸ்வேர்டை இரண்டு உள்ளூர் ஆட்களிடம் விட்டுவிட்டு வரட்டும். நர்ஸ், டாக்டர், பல் மருத்துவர் போன்றவர்கள் அந்த நாட்டு அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது, நல்லெண்ணம் லைசென்ஸ் ஆகாது. பல நாடுகளில் எலக்ட்ரீஷியனுக்கும் அப்படித்தான். டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் சில நாடுகளில் கூடாது. உங்களை அழைக்கிற அமைப்பிடம் எந்த விசா என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பேக்கிங்கில் ஒன்றே ஒன்று: டிரில் மெஷினின் ஸ்பேர் லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கையில்தான், முனைகளில் டேப் ஒட்டி. 18 வோல்ட் 5 ஆம்பியர்-ஹவர் என்றால் 90 வாட்-ஹவர், 100-க்குள் வருவதால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எத்தனையோ சபைகளில் பயணத்துக்கென்று காணிக்கை எடுத்ததும் முதலில் அச்சாவது டீ-ஷர்ட்டும் பேனரும். மெக்கர் மீட்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டால் "ஊழியப் பணம், பார்த்துச் செலவு செய்ய வேண்டும்" என்கிறார்கள். போன வருஷம் ஒரு குழு பெயின்ட் அடித்த அதே சுவருக்கு இந்த வருஷம் இன்னொரு குழு பெயின்ட் அடிக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் எர்த் இல்லை. பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துப் போடுவதையும் ஊழியம் என்கிறார்கள். போதகர்களை அவமதிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் மேல் மரியாதை இருப்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

கடைசியாக, உள்ளூர் ஆள். பள்ளி வாட்ச்மேனோ, அந்த ஊர் எலக்ட்ரீஷியனோ ஒருவர் முதல் நாளிலிருந்து உங்களோடு நிற்க வேண்டும், அவருக்கு அந்த நாள்களின் கூலியைக் குழு கொடுக்க வேண்டும். அவருடைய பிழைப்பை நீங்கள் இலவசமாகச் செய்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இது. முதல் பாயின்ட்டை நீங்கள் செய்யுங்கள், இரண்டாவதைச் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாவதிலிருந்து ஸ்க்ரூடிரைவர் அவர் கையில். கிளம்புவதற்கு முந்தின நாள் புதிதாக எதையும் திறக்காதீர்கள். அன்றைக்கு அவரே மெயினை இறக்கி, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் காட்டட்டும். எந்த சுவிட்ச் எந்த அறை என்று போர்டு மூடியின் உள்பக்கம் வரைந்து ஒட்டுங்கள். நீங்கள் எடுத்த அளவுகளின் ஒரு பிரதி அவரிடம், ஒன்று ஊழியரிடம். அவருக்குப் பழகிய கருவியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போகிற இடத்தில் மின்சாரம் எத்தனை வோல்ட், தண்ணீர் கிணற்றிலிருந்தா போர்வெல்லிலிருந்தா என்று கமெண்டில் எழுதினால், அதற்கேற்ற கருவிப் பட்டியலையும் போட்டுத் தருகிறேன்.