வெயிலில் நிற்கும் கியர் வண்டிக்கு வெளிக்கடையில் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் போடலாமா? எதை வாங்குவது?

கொழிஞ்சாம்பாறையில் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டு சித்தூர்) வண்டிகளும் பொள்ளாச்சி வண்டிகளும்தான் எனக்குப் பாதி வேலை. மீனாட்சிபுரம் தாண்டி வருகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஏறும்போது ஏசி ஓடி உள்ளே குளிர்ந்திருக்கணும், திருட்டுப் பயமும் இருக்கக் கூடாது.

அலாரம் போடுங்கள். ரிமோட் ஸ்டார்ட், கியர் வண்டிக்கு வேண்டாம்.

ரிமோட் ஸ்டார்ட் பெட்டி செய்வது இவ்வளவுதான். இக்னிஷன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கும், ஸ்டார்ட்டரைச் சுற்றும், எஞ்சின் பிடித்ததும் விட்டுவிடும். வண்டி எந்த கியரில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. நம் ஊரில் வண்டியை எப்படி நிறுத்துகிறோம்? கொஞ்சம் சரிவாக இருந்தாலே முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்கு ஒரு கல்லும் வைக்கிறோம். நெல்லியாம்பதி, வால்பாறை போகிறவர்களுக்கு அது கை தானாகச் செய்யும் வேலை. அந்த நிலையில் வீட்டுக்குள் இருந்து பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்திவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் முன்னால் இருப்பது சுவரா குழந்தையா என்று அது பார்க்காது. புது வண்டிகளில் கிளச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ரிமோட் ஸ்டார்ட் போடுகிற சிலர் அந்தக் கிளச் சுவிட்சையே ஷார்ட் பண்ணிவிடுகிறார்கள். அதன்பின் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வைப்பர், கம்ப்யூஸ்டார் மாதிரி வெளிநாட்டுப் பெட்டிகளில் கியர் வண்டிக்கென்று தனி முறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை எடுத்துவிட்டு (எஞ்சினைப் பெட்டி ஓட வைத்திருக்கும்) இறங்க வேண்டும். கதவை மூடிப் பூட்டிய பிறகு பெட்டியே எஞ்சினை அணைக்கும். அதற்கப்புறம் ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்து, யாராவது உள்ளே போய் கியர் மாற்றியிருக்கலாம் என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் நான்கு கதவு சுவிட்சும் ஹேண்ட் பிரேக் சுவிட்சும் பழுதில்லாமல் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். பத்து வருஷ வண்டியில் கதவு சுவிட்ச் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று வண்டி வைத்திருப்பவருக்கே தெரியும்.

ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் பார்க்கிலோ நியூட்ரலிலோ இல்லாமல் ஸ்டார்ட்டர் சுற்றாது, அதனால் அங்கே பேசலாம். ஏஎம்டி வண்டிகளில் (கியர் வண்டியின் கியர்பெட்டிதான், கிளச்சும் கியரும் தானாக மாறும்) பெரும்பாலும் பார்க் என்ற நிலையே கிடையாது, அதைக் கியர் வண்டிக் கணக்கிலேயே வையுங்கள். எதில் போட்டாலும், பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பானெட் சுவிட்ச் கண்டிப்பாக வேண்டும். எஞ்சின் பெல்ட்டில் மெக்கானிக் கை இருக்கும்போது வீட்டுக்குள் பையன் ரிமோட்டை எடுத்து விளையாடினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சாவிக்குள் சிப் இருக்கிற வண்டியானால் இன்னொரு சங்கதி. சிப்பைப் படிக்காமல் எஞ்சின் ஓடாது. அதனால் ரிமோட் ஸ்டார்ட்டுக்கு பைபாஸ், அதாவது சாவி இல்லாமலே அந்தச் சோதனையைத் தாண்டும் வழி, போடுவார்கள். மலிவான வழி, உங்கள் ஸ்பேர் சாவியையே டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பது. திருட்டுக்குப் பயந்து அலாரம் வாங்கப் போய், சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வருவதா?

கியர் லாக் (கியர் தண்டைப் பூட்டும் பூட்டு) போட்டிருந்தால் பேச்சே இல்லை. அது பெரும்பாலும் ரிவர்ஸ் கியரில்தான் பூட்டும். அதோடு ரிமோட் ஸ்டார்ட் எப்படிச் சேரும்? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் கியர் லாக்கைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 126ஆம் பிரிவு. பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டுநர் சீட்டில் இருக்கணும், இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, வண்டி நகராதபடி பிரேக் போட்டிருக்கணும். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

வெயிலுக்கு எளிய வழி: கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சூடு வெளியேறியதும் ஏற்றி ஏசியைப் போடுங்கள். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஏசி திணறும், ஓடும்போதுதான் சீக்கிரம் குளிரும்.

இனி அலாரம். முதலில் கேட்க வேண்டியது, ரிமோட் ரோலிங் கோடா என்று. ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோடு மாறும் வகை அது. நிலையான கோடு என்றால் கேட் ரிமோட்டைக் காப்பி எடுக்கிற சாவிக்கடைக்காரரே நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அலாரம் போட்டிருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்ற விடாத ஸ்டார்ட்டர் கட் ரிலே இருக்கட்டும். பெட்ரோல் பம்பைக் கட் பண்ணும் ஒயரிங்குக்குச் சம்மதிக்காதீர்கள். ஓடும்போது அந்த ரிலே கெட்டால் மலைப்பாதையில் எஞ்சின் அணையும், ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்கும் கனத்துப் போகும்.

அதிர்வை உணரும் ஷாக் சென்சரில்தான் பாதிப் பேர் வெறுத்து அலாரத்தையே கழற்றச் சொல்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு சென்சர் எம்மாத்திரம்? தென்னை மட்டை விழுந்தாலும் கத்தும், லாரி போனாலும் கத்தும். ரெண்டு கட்ட சென்சராக வாங்குங்கள்: லேசாகத் தட்டினால் ஒரு சின்ன சத்தம், ஓங்கி அடித்தால் முழு சைரன். அதை டாஷ்போர்டு பிளாஸ்டிக்கில் ஒட்டக் கூடாது, ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இரும்போடு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கணும். பிறகு நீங்களே கூட நின்று, கதவுத் தூணில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்லி செட் பண்ணுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவரா? அலாரம் 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர், மாதத்துக்குப் பதினைந்து. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி அதற்கு மேல் தாங்காது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

இன்சூரன்ஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று கடையில் சொன்னால், வண்டிகளைச் சோதிக்கும் புனே ஏஆர்ஏஐ நிறுவனத்தின் அங்கீகாரம் உள்ள பொருளா என்று கேளுங்கள். அப்படியே இருந்தாலும் பழைய டாரிஃப் கணக்கில் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அதற்காக வாங்க வேண்டாம்.